கூரையில் ஏறிய ஆடுகள்

குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு மில்லில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் படம் வரைய இரண்டு பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஓவியம் படித்தவர்கள், நன்றாக வரைகிறவர்கள். போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரிசையாக ஏர்பிரஷ் படங்களாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் நகைப்பெட்டியில் வைத்த நெக்லஸ் மாதிரி வெல்வெட்டில் படுத்திருந்தது. கீழே ஒரே கேள்வி: "அக்கா, இதுல எத வாங்க?"

பதில் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். விலை கூடியதை வாங்குங்கள் என்றால் பொய். மலிவானதை வாங்குங்கள் என்றாலும் பொய். சம்பாதிக்கிற வயசு முழுவதையும் இந்தக் கருவியோடு கழித்துவிட்டு, போன தை மாதம்தான் தோள்பட்டை வலியால் அதைக் கீழே வைத்தேன். அப்படியும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும்.

ஏர்பிரஷ் என்பது பேனா போலப் பிடிக்கிற ஒரு தெளிப்பான். தொழிலில் அதைக் கன் என்றுதான் சொல்வோம். வாலில் குழாய் மாட்டி கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும். முதுகில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மை இருக்கும். உள்ளே நீளவாக்கில் ஒரு ஊசி. விசையை அமுக்கினால் காற்று, அமுக்கியபடியே பின்னால் இழுத்தால் மை. இழுக்கிற அளவுக்குக் கோடு தடிக்கும். இவ்வளவுதான் தத்துவம். இதைக் கைக்குப் பழக்கத்தான் காலம் பிடிக்கும்.

எனக்கு ஊர் பரளச்சி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தார்கள். பத்தாவது முடித்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் பெரிதாக்கிய படங்களுக்கு ஏர்பிரஷில்தான் மெருகு போடுவோம். கல்யாணப் பெண்ணின் பின்னால் இருக்கிற அழுக்குச் சுவரை மேகமாக்குவது, தழும்பை மறைப்பது, கலைந்த தலையைப் படிய வைப்பது. கண்ணாடிப் பலகையில் தெளித்துப் பழகி, துடைத்து, மறுபடி தெளித்து, ஒரு வழியாகப் படத்தின் மேல் கை வைக்க முதலாளி விட்டார்.

அவரை நான் கடைசிவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, சட்டைப் பையில் வறுகடலை. நான் செய்தது தப்பு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "கழுவிட்டு வாம்மா" என்பார். கன்னைக் கழுவச் சொல்கிறாரா, வேலையை முதலிலிருந்து செய்யச் சொல்கிறாரா என்று முதலில் எனக்குக் குழப்பமாக இருக்கும். இரண்டும்தான் என்று போகப் போகப் புரிந்தது. நல்லபடியாக வந்த படத்துக்கு அவர் எதுவும் சொல்ல மாட்டார். கடலையில் இரண்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்.

கழுவுவதை மட்டும் அவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். முதலில் மிச்ச மையைக் கொட்ட வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, மை வெளியே வருகிற கன்னின் மூக்கைத் துணியால் பொத்தி, விசையை லேசாக இழுத்தால் காற்று பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழி கொப்பளிக்கும். ஒளிந்திருக்கிற மை எல்லாம் மேலே வரும். தண்ணீர் தெளிகிறவரை இதைச் செய்துவிட்டுத்தான் ஊசியை உருவ வேண்டும். உருவிய ஊசியைக் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். நகத்தைக் கீறினால் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். "தூக்கிப் போட்டு ஒடச்ச கன்னு கம்மிதாம்மா. கழுவாமக் கெட்டதுதான் ஜாஸ்தி" என்பார்.

ஒரு ஐப்பசி மழையில் மணப்பெண் படம் ஒன்றுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கன் துப்பியது. பெண்ணின் கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி படத்தைப் பார்க்கவே இல்லை. கம்ப்ரஸரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்தார். துருத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வடிந்தது. "மழக் காலத்துல காத்துல பாதி தண்ணிதான் கெடக்கு. நம்ம மிசினு அதையும் சேத்துல்ல அடிக்குது" என்றார். அன்றைக்கே குழாயின் நடுவில் ஒரு நீர்வடிப்பான் மாட்டினார். அதனால் சொல்கிறேன்: கன்னுக்கு முன்னால் கம்ப்ரஸரைப் பாருங்கள். காற்றைச் சேர்த்து வைக்கிற தொட்டி இருக்க வேண்டும். தொட்டி இல்லாத குட்டி மோட்டாரில் காற்று விட்டு விட்டு வரும், கோடு ஓணான் முதுகு மாதிரி இருக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகும், நீர்வடிப்பானும் இல்லாத கம்ப்ரஸர், வெல்வெட்டில் வந்தாலும் வேண்டாம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நான் ஒரு வாரம் செய்வதை அது ஒரு காபி குடிக்கிற நேரத்தில் செய்தது. அண்ணாச்சி மெருகு அறையை மூடிவிட்டு அதில் ஜெராக்ஸ் மிஷின் போட்டார். நான் சுவருக்குப் போனேன். கல்யாண மண்டபம், நர்சரிப் பள்ளிக்கூடம், திருச்சுழி ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் கடை. சுவருக்கு வந்த பிறகுதான் ஒரு கன் போதாது என்று தெரிந்தது. போட்டோவுக்கு வைத்திருந்த மெல்லிய கன்னால் மண்டபத்துச் சுவரில் வானம் அடிக்க ஆரம்பித்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு கதவளவு வானம்தான் ஆனது. மண்டபக்காரர், "இந்த வேகத்துல மழ மேகம் வரவே வராதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பைக் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கிற கடையிலிருந்து சின்ன ஸ்பிரே கன் ஒன்று வாங்கி வந்தேன். அன்று முதல் எனக்கு மூன்று கன். வானம், தண்ணீர் போன்ற பரப்புக்கு அந்த ஸ்பிரே கன். மரம், உடம்புக்கு, அடியில் பாட்டில் மாட்டுகிற புள்ளி அஞ்சு கன். கண், மயிர், இலை நரம்புக்கு, மேல் கிண்ணம் வைத்த புள்ளி மூணு கன். புள்ளி என்பது மூக்கு ஓட்டையின் அளவு. புள்ளி ரெண்டும் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் மை அதன் மூக்கிலேயே காய்ந்து பக்குப் பிடித்து அடைத்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

சில வருஷங்களுக்கு முன்னால், டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சுவர் வரையக் கூப்பிட்டார்கள். அதை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. பேச்சில் சிரிப்பு கிடையாது. வார்டைக் காலி செய்ய முடியாது, காய்ச்சல் சீசன், எல்லாக் கட்டிலிலும் பிள்ளைகள். "சத்தம் கூடாது, நெடி கூடாது, தூசி கூடாது. முடியுமாக்கா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

நெடிக்குத் தண்ணீரில் கரைகிற மை போதும். சத்தத்துக்கு, கம்ப்ரஸரை ஆஸ்பத்திரிக் கொல்லையில் ஓடவிட்டு, தனியாக ஒரு காற்றுத் தொட்டியை நிரப்பி, அதை மட்டும் வார்டுக்குள் உருட்டி வந்தேன். காற்று தீர்ந்தால் மறுபடி கொல்லைக்குப் போய் நிரப்பிக்கொள்ள வேண்டும். மைத் தூசிக்கு, நான் நிற்கிற இடத்தைச் சுற்றி ஈர வேட்டிகளைத் திரைபோலத் தொங்கவிட்டேன். தெளிக்கும்போது பறக்கிற மை அதில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை நான் நிறுத்தும்போதும் டாக்டரம்மா வந்து, வெள்ளைக் கைக்குட்டையால் பக்கத்துக் கட்டிலின் கம்பியைத் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் தலையை ஒரு அசை அசைத்துவிட்டுப் போவார். அதற்கு மேல் பாராட்டு இல்லை. அண்ணாச்சியிடம் இருந்தவளுக்கு அது பழகிய மொழிதான்.

சுவரில் ஒரு ரயில் வரைந்தேன். கிளி ஓட்டுகிற ரயில். பெட்டிக்கு ஒரு விலங்கு. யானை வந்தபோது வார்டே கைதட்டியது. குரங்கு வந்தபோது காய்ச்சல்காரப் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "அக்கா, படம் ரொம்ப நல்லாருக்கு. நிப்பாட்டிருங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சன்னல் ஓரத்துல படுத்திருக்காளே காளீஸ்வரி, அவ தொடை எலும்பு ஒடஞ்சிருக்கு. அசையாம மல்லாந்து கெடக்கணும். நீங்க ஒவ்வொரு மிருகம் வரையும்போதும் பிள்ளைங்க கத்துது. அவ இடுப்பத் திருப்பிப் பாக்குறா. நேத்து எக்ஸ்ரேயில எலும்பு விலகத் தொடங்கிருக்கு. இன்னும் அசைஞ்சா ஆபரேஷன்தான்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏழு வயதுப் பெண். காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவள் இடுப்பை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். அப்படியும் அவள் கண் ஓரமாகச் சுவரைத் தேடியது.

"கட்டிலத் திருப்பிப் போட்டா?" என்று கேட்டேன்.

"திருப்பினாலும் அவளுக்கு நேரா தெரியுறது கூரைதான். தலையத் தூக்கத்தான் செய்வா."

"அப்ப கூரையில வரஞ்சிருவோம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. டாக்டரம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். "தூசி ஒரு துளி அவ மேல விழக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேல் கிண்ணக் கன்னால் மேஜையின் அடிப்பாகத்தில் தெளித்துப் பார்த்தேன். கன்னை நிமிர்த்தியதும் கிண்ணத்து நீல மை மொத்தமும் என் மூக்கில் கொட்டியது. பக்கவாட்டில் கிண்ணம் இருக்கிற கன் ஒன்று உண்டு. கிண்ணத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அதை இரவல் வாங்கித் தெளித்தேன். மை கொட்டவில்லை. ஆனால் பறந்த தூசி பனி மாதிரி மெதுவாக இறங்கி என் இமையில் உட்கார்ந்தது. கீழே ஒரு குழந்தை படுத்திருக்கும்போது இது ஆகாது. வேட்டி கட்டி மறைத்தால் எனக்கே கூரை தெரியாது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அப்போது கடையை மகன் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வீட்டில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடலை மெல்லுகிற சத்தம் கேட்டது.

"கனி, நீ என்னத்துக்கு கூரைக்குப் போறே? கூரையக் கீழ எறக்கு. துணியில வரஞ்சு மேல மாட்டு" என்றார்.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காளீஸ்வரியிடம் போய், "ஒனக்கு மேல ஒரு படம் மாட்டப் போறேன். என்ன வேணும்? கிளியா, ரயிலா?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "எங்க ஆடு."

"ஆடு எப்படி தாயி கூரையில இருக்கும்?"

"மரத்துல ஏறும்ல. கம்மாக்கரையில சாஞ்ச கருவ மரம் ஒண்ணு இருக்கு. நெத்து திங்க எல்லாம் ஏறிரும். நான் கீழ படுத்துப் பாப்பேன்."

அம்மாவின் முகம் மாறியது. "அக்கா, அந்த மரத்தையா வரையப் போறீக? நெத்து உலுக்குறேன்னு அதுல ஏறித்தான் இவ விழுந்தா. அதப் பாத்தாலே எனக்கு நெஞ்சு நடுங்குது."

"மரம் என்ன செஞ்சுச்சு? நான்தான விழுந்தேன்" என்றாள் காளீஸ்வரி, கூரையைப் பார்த்தபடி.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் எங்கேயும் திரும்பாமல், நேராக மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "சரிக்கா, வரையுங்க" என்றார்.

அவர்களுக்கு நரிக்குடிப் பக்கம் ஊர். பஸ் ஏறிப் போனேன். காளீஸ்வரியின் அப்பா ஆடுகளோடு கண்மாய்க் கரையில் காத்திருந்தார். அந்தக் கருவேல மரம் உண்மையிலேயே தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. நெத்து என்கிற முற்றிய காய்களைத் தேடி, ஆடுகள் சாய்ந்த தண்டில் படி ஏறுகிற மாதிரி ஏறின. நான் முந்தானையை விரித்து மரத்தடியில் படுத்தேன். கீழே இருந்து பார்த்தால் ஆடு வேறு பிராணி. வயிறுதான் பெரிதாகத் தெரிகிறது, முகம் கடைசியில் தாடியோடு எட்டிப் பார்க்கிறது. கரையில் சைக்கிளில் போனவர் இறங்கி ஓடி வந்து, "என்னாச்சு, மயக்கமா? சோடா வாங்கியாரவா?" என்று கேட்டார். "இல்ல, வேல பாக்குறாக" என்றார் காளீஸ்வரியின் அப்பா, ரொம்ப மரியாதையாக. சைக்கிள்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

திரும்பும்போது ஒரு பை நிறையக் கருவ இலைக் கொத்துகளோடு பஸ் ஏறினேன்.

கேன்வாஸ் துணியை மெல்லிய பிளைவுட் சட்டத்தில் இழுத்து அடித்தேன். ஏர்பிரஷ் மை மெல்லியது, துணியின் நெசவை மறைக்காது. அதனால் வெள்ளைப் பூச்சு பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்தேன். கை வைத்தால் வழுக்க வேண்டும், அதுவரை தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பிரே கன்னால் வானம். அதன் மேல் இலைக் கொத்துகளைப் பரப்பி, குண்டூசியால் நிறுத்தி, காற்றை நன்றாகக் குறைத்து, புள்ளி அஞ்சு கன்னால் பச்சையைத் தெளித்தேன். கொத்தை எடுத்தால் அந்தப் பொடி இலை ஒவ்வொன்றும் வானத்தின் நிறத்தில் அப்படியே நின்றது. கையால் வரைந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். கொத்துகளை இடம் மாற்றி மாற்றி வைத்துத் தெளிக்கத் தெளிக்க, இலைக்குப் பின்னால் இலை என்று மரம் அடர்ந்தது. ஆடுகளின் வயிற்றில் நிழலை அதே கன்னால் போட்டேன். கண்ணும் தாடியும் புள்ளி மூணு.

படத்தைப் பட்டறை விட்டத்தில் கயிறு கட்டித் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்தேன். நின்றபடி பார்த்தபோது சரியாக இருந்த ஒரு ஆடு, படுத்துப் பார்த்தபோது பூசணிக்காய் மாதிரி இருந்தது. இறக்கினேன், திருத்தினேன், ஏற்றினேன். கழுவிட்டு வாம்மா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளைக் கட்டிலோடு எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் கூரையில் போல்ட் போட்டு மாட்டி, தரையைத் துடைத்து முடித்தோம். டாக்டரம்மா கைக்குட்டையோடு வந்தார். கம்பியைத் துடைத்தார். வெள்ளை. தலையை அசைத்தார்.

கட்டில் திரும்பி வந்தது. காளீஸ்வரி மேலே பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, "செவல... கருப்பி... சுட்டி..." என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மோழைக்குக் கொம்பு வச்சிட்டீக."

கொம்பில்லாத ஆட்டுக்கு மோழை என்று பெயர். மரத்தில் அது இலைக்குள் தலையை விட்டிருந்ததால், நான் என் இஷ்டத்துக்கு இரண்டு கொம்பு வைத்துவிட்டேன். அதற்காகச் சட்டத்தைக் கழற்ற முடியாது, கன்னையும் தூக்க முடியாது. கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏணி போட்டு ஏறி, ஒரு சாதாரண பிரஷ்ஷால், துளி மை தொட்டு, கொம்பு இருந்த இடத்தில் இலை வரைந்தேன். மூன்று கன்னும் காற்றுத் தொட்டியும் கீழே சும்மா கிடந்தன. காளீஸ்வரி படுத்தபடியே, "இன்னும் கொஞ்சம் தெரியுது... இந்தப் பக்கம்... ம், போதும்" என்று மேஸ்திரி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் இடுப்பைத் திருப்பவில்லை. பகலெல்லாம் ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று அவள் அம்மா சொன்னார். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நேராக நின்றது. ஆபரேஷன் என்ற பேச்சு போய்விட்டது. ரயிலில் மீதிப் பெட்டிகளையும் வரைந்து முடித்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மத்தியானம் நான் தொட்டிக்குக் காற்று நிரப்பிவிட்டு வந்தபோது, காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலில் டாக்டரம்மா மல்லாந்து படுத்திருந்தார். காளீஸ்வரி அவருக்கு ஆடுகளை அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். நான் வந்த வழியே கொல்லைக்குப் போய்விட்டேன்.

கட்டுப் பிரித்து, நடை பழகி, அவள் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று நானும் போயிருந்தேன். முதல் தடவையாகச் சுவருக்கு நேரே நின்று நன்றாகப் பார்த்தாள். கிளியை, யானையை, குரங்கை எல்லாம் பொறுமையாகப் பார்த்தாள்.

"இதப் பாக்கவா நான் திரும்பித் திரும்பிப் படுத்தேன்?" என்றாள்.

டாக்டரம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இன்னும் பதமாக ஊன்றி, காளீஸ்வரி வாசல் வரை நடந்தாள். அங்கே நின்று திரும்பினாள். அப்பா கண்மாய்க் கரையில் ஆடுகளைக் கூப்பிடுகிற மாதிரி, நாக்கைச் சுழற்றி "டுர்ர்ர்... பா... பா..." என்று ஒரு குரல் கொடுத்தாள்.

வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாரும், ஆடுகள் இறங்கி வருகின்றனவா என்று கூரையைப் பார்த்தார்கள்.